ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய கார், ஓட்டாத கார்: டிபி5, 2000ஜிடி இரண்டும் கோடிகளில் விலைபோவது எப்படி?

2022 மார்ச்சில் அமெரிக்காவின் புளோரிடாவில், அமீலியா தீவில் நடந்த ஏலத்தில் ஒரு பழைய டொயோட்டா விற்பனைக்கு வந்தது. சுத்தியல் கடைசியாக விழுந்தபோது, கட்டணங்கள் சேர்த்து விலை 25 லட்சத்து 35 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 19 கோடி ரூபாய். ஆம், டொயோட்டாதான். இன்னோவாவும் ஃபார்ச்சூனரும் செய்கிற அதே டொயோட்டா. ஒரு ஜப்பானியக் காருக்கு ஏலத்தில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2019 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் மான்டரேயில் நடந்த ஏலத்தில் 1965-ஆம் ஆண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 ஒன்று 63 லட்சத்து 85 ஆயிரம் டாலருக்குப் போனது. சுமார் 45 கோடி ரூபாய். இத்தனைக்கும் அந்தக் கார் எந்தப் படத்திலும் ஒரு ஃபிரேமில்கூட வந்ததில்லை. 'தண்டர்பால்' படத்தின் விளம்பரத்துக்காக ஊர் ஊராகச் சுற்றிய கார், அவ்வளவுதான்.

ஒன்று இங்கிலாந்து, ஒன்று ஜப்பான். இரண்டுமே 1960-களின் 'கிராண்ட் டூரர்' வகை. இரண்டிலும் முன்பக்கம் நீளமான பானெட், அதற்குள் ஆறு சிலிண்டர் என்ஜின். இரண்டும் ஜேம்ஸ் பாண்ட் படங்களில் வந்தவை. தயாரான எண்ணிக்கையைப் பார்த்தால் டொயோட்டாதான் அபூர்வம்: மொத்தமே 351. டிபி5 அதைப் போல மூன்று மடங்கு. அப்படியானால் டொயோட்டாதானே எகிறியிருக்க வேண்டும்? பல பத்தாண்டுகளுக்கு அப்படி நடக்கவில்லை. அது ஏன், இப்போது மட்டும் ஏன் மாறுகிறது என்பதைப் பார்த்தால், பழைய கார் சந்தை எப்படி ஓடுகிறது என்பது கிட்டத்தட்ட முழுசாகப் புரிந்துவிடும்.

கிராண்ட் டூரர் என்றால்?

இத்தாலிய மொழியில் 'கிரான் டுரிஸ்மோ'. சுருக்கமாக ஜிடி. ரேஸ் கார் வேகமாகப் போகும், ஆனால் அதில் உட்கார்ந்து அரை மணி நேரம் போனாலே முதுகு பேசும். சொகுசு கார் மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் வளைவில் தள்ளாடும். காலையில் லண்டனில் கிளம்பி, பெட்டி படுக்கையோடு, இரவுச் சாப்பாட்டுக்கு பிரான்ஸின் தென்கோடிக்குப் பக்கத்தில் போய் இறங்க வேண்டும், இறங்கும்போது கோட்டு கசங்கியிருக்கக் கூடாது. அதற்காகப் பிறந்த வகைதான் ஜிடி. ஐரோப்பாவில் அகலமான நெடுஞ்சாலைகள் பரவிய காலமும், போருக்குப் பிந்தைய புதுப் பணக்காரர்கள் உருவான காலமும் ஒன்றாக வந்ததால் இந்த வகைக்கு 1950, 60-களில் கிராக்கி இருந்தது.

டிராக்டர் முதலாளி வாங்கிய கம்பெனி

டிபி5-இல் உள்ள 'டிபி' என்பது டேவிட் பிரவுன். யார்க்‌ஷயரில் கியர்களும் டிராக்டர்களும் செய்துகொண்டிருந்த தொழிலதிபர். 1947-இல், நொடித்துப் போயிருந்த ஆஸ்டன் மார்ட்டினை 20,500 பவுண்டுக்கு வாங்கினார். இன்று ஒரு நல்ல டிபி5-இன் விலையில் ஒரு சின்னத் துண்டுக்குக்கூட அந்தத் தொகை வராது. அவர் காலத்தில் வந்த கார்களுக்கெல்லாம் அவர் பெயரின் முதலெழுத்துகளே வைக்கப்பட்டன.

டிபி5 1963-இல் வந்து 1965-இல் நின்றது. உடலை வடிவமைத்தது இத்தாலியின் மிலன் நகரத்து 'டூரிங்' நிறுவனம். மெல்லிய இரும்புக் குழாய்களால் ஒரு கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகடுகளைக் கையால் தட்டித் தட்டிப் பொருத்தும் 'சூப்பர்லெஜெரா' முறை. ஆக, பிரிட்டிஷ் பெருமை என்று கொண்டாடப்படும் காரின் முகம் இத்தாலியக் கைவண்ணம். என்ஜினை உருவாக்கிய டாடெக் மாரெக் போலந்துக்காரர். கியர்பாக்ஸ் ஜெர்மனியின் ஜெட்எஃப். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த இடம் இங்கிலாந்தின் நியூபோர்ட் பேக்னெல் என்ற சிற்றூர்.

3,995 சிசி என்ஜின், 282 குதிரைத்திறன், மணிக்கு சுமார் 230 கிலோமீட்டர் வேகம். கண்ணாடி ஏற்ற இறக்க மின்சார மோட்டார், தரையில் கம்பளிக் கார்பெட், தோல் சீட். அன்றைய விலை 4,000 பவுண்டுக்கு மேல். அதே ஊரில் கிடைத்த ஜாகுவார் ஈ-டைப்பைப் போல சுமார் இரண்டு மடங்கு. மொத்தம் தயாரானவை என்று பொதுவாகச் சொல்லப்படும் எண் 1,059. அதில் 123 திறந்த கூரை கார்கள், 12 'ஷூட்டிங் பிரேக்' எனப்படும் ஸ்டேஷன் வேகன்கள். பிரவுனுக்குத் தன் நாய்களையும் போலோ சாமான்களையும் ஏற்றிப் போக ஒரு கார் வேண்டியிருந்தது, அதிலிருந்துதான் அந்தப் பன்னிரண்டும் பிறந்தன என்பார்கள். முதலாளி என்றால் அப்படித்தான்.

பியானோ மரத்தில் டேஷ்போர்டு

1960-களின் நடுவில் டொயோட்டா யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கிற கம்பெனி இல்லை. சிக்கனமான, பழுதாகாத, பார்த்தால் கொட்டாவி வருகிற கார்கள். அந்தப் பெயரை மாற்ற ஒரு 'கெத்து' கார் தேவைப்பட்டது. ஆனால் அப்படி ஒன்றைத் தனியாகச் செய்து முடிக்கும் வசதி தன்னிடம் இல்லை என்று டொயோட்டாவுக்கே தெரியும். அதனால் யமஹாவுடன் கைகோத்தது. பைக், பியானோ, படகு என்ஜின் எல்லாம் செய்யும் அதே யமஹா.

ஜிரோ கவானோ திட்டத் தலைவர். உடலை வரைந்தவர் டொயோட்டாவின் சதோரு நொசாகி. டொயோட்டா கிரவுன் காரின் ஆறு சிலிண்டர் என்ஜினை எடுத்து, அதன் தலைப்பகுதியை யமஹா முழுசாக மாற்றி இரட்டை கேம்ஷாஃப்ட் பொருத்தியது. 1,988 சிசியில் 150 குதிரைத்திறன். கேட்க டிபி5-இல் பாதி மாதிரித்தான் இருக்கும். ஆனால் எடை சுமார் 1,120 கிலோ மட்டுமே, டிபி5 ஏறத்தாழ ஒன்றரை டன். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், ஐந்து கியர். உச்ச வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர். உள்ளே டேஷ்போர்டுக்கான மரம் யமஹாவின் இசைக்கருவிப் பிரிவில் இருந்து வந்தது. பியானோ செய்கிற கைகள் கார் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த டேஷ்போர்டே சாட்சி.

1965-இல் டோக்கியோ மோட்டார் ஷோவில் காட்டினார்கள். 1966 அக்டோபரில் யாடபே சோதனைப் பாதையில் புயல் மழைக்கு நடுவே 78 மணி நேரம் விடாமல் ஓட்டி, 3 உலக சாதனைகளையும் 13 சர்வதேச வகைச் சாதனைகளையும் எடுத்தார்கள். (மறு ஆண்டே இத்தாலியின் மோன்சாவில் போர்ஷே வந்து அவற்றில் சிலவற்றை முறியடித்தது. ஜப்பானியக் கார் ஒன்றை முறியடிக்கப் போர்ஷே மெனக்கெட்டதே பெரிய விஷயம்.) 1967-இல் விற்பனைக்கு வந்தபோது விலை 23 லட்சத்து 80 ஆயிரம் யென். அந்தக் காசில் ஐந்து கொரோலா வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கலாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 7,000 டாலர், அதாவது போர்ஷே 911-ஐவிட, ஜாகுவார் ஈ-டைப்பைவிட அதிகம்.

டொயோட்டா ஷோரூமுக்குள் நுழைந்து போர்ஷேவைவிட அதிகப் பணம் கொடுக்க 1967-இல் எத்தனை அமெரிக்கர்கள் தயாராக இருந்திருப்பார்கள்? அமெரிக்காவுக்குப் போனவை 60-ஐ ஒட்டித்தான். காரை ஓட்டிப் பார்த்த பத்திரிகைகள் பாராட்டின, வாங்குகிறவர்கள் வரவில்லை. 1968-இல் கரோல் ஷெல்பியின் அணி மூன்று கார்களைத் தயார் செய்து அமெரிக்கப் பந்தயங்களில் இறங்கியது. நன்றாகவே ஓடின, பட்டம் கிடைக்கவில்லை. ஒரே சீசனோடு டொயோட்டா விலகிக்கொண்டது. 1970-இல் தயாரிப்பே நின்றது. முன்மாதிரிகளை விட்டுவிட்டு எண்ணினால் 337 கார்கள்.

அமீலியா தீவில் 25 லட்சம் டாலருக்குப் போனதே, அது ஷெல்பி அணியின் அந்த மூன்றில் ஒன்று. சேசிஸ் நம்பர் எம்எஃப்10-10001. 2000ஜிடி வரிசையின் முதல் எண்.

ஒரு படம் செய்த வேலை

இரண்டு கார்களும் இதுவரை கிட்டத்தட்ட சமபலம். ஒன்றில் சக்தி அதிகம், இன்னொன்றில் நுட்பம் அதிகம். இரண்டும் கையால் செய்தவை, இரண்டும் விலை அதிகம், இரண்டையும் பெரிதாக யாரும் வாங்கவில்லை. பாதை பிரிந்த இடம் சினிமா தியேட்டர்.

1964-இல் 'கோல்ட்ஃபிங்கர்' வந்தது. இயன் ஃபிளெமிங்கின் நாவலில் பாண்ட் ஓட்டுவது பழைய டிபி மார்க் 3. படக்குழு புது மாடல் கேட்டது, டிபி5 கிடைத்தது. தயாரிப்பு வடிவமைப்பாளர் கென் ஆடமும் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் ஜான் ஸ்டியர்ஸும் சேர்ந்து அதற்குள் இயந்திரத் துப்பாக்கி, சுழலும் நம்பர் பிளேட், எண்ணெய் கொட்டும் குழாய், பின்னால் குண்டு துளைக்காத தகடு, கடைசியாக பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கூரை வழியே தூக்கி எறியும் சீட் என்று நிரப்பினார்கள். ஷான் கானரி அதை ஓட்டினார். கார் ஒரு துணைக் கதாபாத்திரம் ஆகிவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விலைக் கணக்கில் முக்கியம், பலரும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். 1965-இல் கோர்கி நிறுவனம் அந்தக் காரைச் சின்னப் பொம்மையாக வெளியிட்டது. பட்டனைத் தட்டினால் கூரை திறந்து வில்லன் பறப்பான். லட்சக்கணக்கில் விற்றது. எட்டு, பத்து வயதில் அந்தப் பொம்மையைக் கட்டிலுக்கு அடியில் ஓட்டிய பிரிட்டிஷ், அமெரிக்கப் பையன்களுக்கு 2005-ஐ ஒட்டி ஐம்பது வயது ஆனது. வங்கியிலும் சட்டத்துறையிலும் ரியல் எஸ்டேட்டிலும் சம்பாதித்து முடித்திருந்த வயது. டிபி5 விலை மேலே ஏறிய காலமும் அதேதான்.

பாண்ட் படங்களும் அந்தக் காரை விடவில்லை. 'கோல்டன்ஐ', 'கேசினோ ராயல்', 'ஸ்கைஃபால்', 'ஸ்பெக்டர்' என்று வந்து, 'நோ டைம் டு டை' வரை ஓடியது. கடைசிப் படத்தின் சண்டைக் காட்சிகளுக்காக ஆஸ்டன் மார்ட்டின் எட்டு நகல் கார்களைச் செய்து கொடுத்தது. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1964-இல் வாங்கிய டிபி5-உம் 2017-இல் 13 லட்சம் பவுண்டைத் தாண்டியது. உள்ளே ரெக்கார்டு பிளேயர் எல்லாம் வைத்த கார் அது.

2000ஜிடி-க்கும் பாண்ட் வாய்ப்பு வந்தது. 1967-இன் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' பெரும்பாலும் ஜப்பானில் நடக்கும் கதை. ஆனால் ஒரு சிக்கல். காரின் உயரம் 116 சென்டிமீட்டர், ஷான் கானரியோ ஆறடியைத் தாண்டியவர். உள்ளே சரியாக உட்கார முடியவில்லை. எனவே படத்துக்காக அவசர அவசரமாகக் கூரையை வெட்டி, இரண்டு திறந்த கார்கள் தயாராயின. கடைகளில் விற்ற 2000ஜிடி-யில் அப்படி ஒரு மாடலே கிடையாது. அந்த இரண்டில் ஒன்று இன்று ஜப்பானின் நாகாகுதேயில் உள்ள டொயோட்டா அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. படத்தில் அந்தக் காரை ஓட்டுவது பாண்ட் இல்லை. அகிகோ வகாபயாஷி நடித்த அகி என்ற ஜப்பானிய உளவாளிதான் ஓட்டுகிறார். பாண்ட் பக்கத்து சீட்டில். துரத்தும் வில்லன்களின் காரை ஹெலிகாப்டர் ஒன்று காந்தத்தால் தூக்கிக் கடலில் போடும், அதை இவர்கள் காருக்குள் இருக்கும் டிவியில் பார்ப்பார்கள். காட்சி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாகசத்தை ஹெலிகாப்டர் செய்துவிட்டது, கார் சும்மா ஓடியது. கோர்கி இந்தக் காரையும் பொம்மையாக்கியது, அது முன்னதைப் போல ஒரு தலைமுறையின் ஞாபகம் ஆகவில்லை.

அபூர்வம் மட்டும் போதாது

பழைய பொருள் சந்தையில் பலரும் நம்புவது, 'கம்மியாக இருந்தால் விலை கூடும்' என்பது. இது பாதி உண்மை. உலகில் மூன்றே மூன்று தயாரான மட்டமான கார்களும் உண்டு, அவற்றை யாரும் சீண்டுவதில்லை. எத்தனை பேர் விற்கத் தயார் என்பதோடு, எத்தனை பேர் அதற்காக ஏங்குகிறார்கள் என்பதும் சேர்ந்துதான் விலை. 2000ஜிடி விஷயத்தில் விற்க இருந்தது குறைவு, ஏங்கியவர்கள் அதைவிடக் குறைவு. ஜப்பானுக்கு வெளியே அப்படி ஒரு கார் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஜப்பானியக் காரைச் சேகரிப்பதா என்று முகம் சுளிக்கும் மனோபாவமும் மேற்கில் நீண்ட காலம் இருந்தது.

அந்தச் சுவர் 2013-இல் உடைந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்த ஏலத்தில் மஞ்சள் நிற 2000ஜிடி ஒன்று 11 லட்சத்து 55 ஆயிரம் டாலருக்கு விற்றது. பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் ஜப்பானியக் கார். அதைப் பார்த்து அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பெட்டிக்குள் கிடந்த கார்களும் ஏலத்துக்கு வந்தன. வரத்து கூடியதும் விலை சற்று இறங்கியது. பிறகு மீண்டும் ஏறியது.

இப்போது ஏங்குவது வேறு தலைமுறை. 1997-இல் பிளேஸ்டேஷனில் 'கிரான் டுரிஸ்மோ' என்ற ஜப்பானிய ரேஸ் விளையாட்டு வந்தது. அதை விளையாடி வளர்ந்த பையன்களுக்கு ஸ்கைலைனும் சுப்ராவும்தான் கனவுக் கார்கள். 2000ஜிடி-யும் அந்த விளையாட்டுத் தொடரில் இடம்பிடித்தது. அவர்களுக்கு இப்போது நாற்பது வயது, கையில் பணம். 25 ஆண்டுகள் கடந்த வெளிநாட்டுக் கார்களைத் தாராளமாக இறக்குமதி செய்ய அமெரிக்கச் சட்டம் விடுவதால், ஜப்பானிய 90-களின் கார்கள் அங்கே குவிகின்றன. அந்தக் கார்களின் மூத்த தாத்தாவாக 2000ஜிடி-க்கு மரியாதை ஏறியது. அன்று கோர்கி பொம்மை செய்த வேலையை இன்று பிளேஸ்டேஷன் செய்கிறது.

மறுபக்கம், பொம்மை காலத்துப் பையன்கள் இன்று எழுபதைத் தொடுகிறார்கள். சேகரித்ததை விற்கும் வயது. விற்பவர்கள் அதிகமாகி, வாங்கும் இளையவர்கள் வேறு பக்கம் பார்த்தால் என்ன ஆகும்? 1960-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கு இந்தக் கேள்வி உண்மையாகவே தலைக்கு மேல் தொங்குகிறது. டிபி5-க்கு பாண்ட் இருப்பதால் அடி கொஞ்சம் மெதுவாக விழும். ஆனால் பாண்ட் முத்திரை ஒட்டாத, அதே காலத்து அக்கா தங்கை மாடல்களுக்கு அந்தக் குடை கிடையாது.

முதலீடா இது?

ஒரு கணக்கு. 'கோல்ட்ஃபிங்கர்', 'தண்டர்பால்' இரண்டிலும் ஓடிய அசல் டிபி5 ஒன்றை 1969-இல் அமெரிக்க வானொலி நிலைய உரிமையாளர் ஒருவர் 12,000 டாலருக்கு வாங்கினார். 2010 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் அது சுமார் 46 லட்சம் டாலருக்குப் போனது. 41 ஆண்டுகளில் 383 மடங்கு. கூட்டு வட்டியாகப் போட்டால் ஆண்டுக்கு 15.6 சதவீதம். கேட்டாலே கிறுகிறுக்கும்.

ஆனால் இந்த மாதிரி கணக்குகளில் மூன்று ஓட்டைகள் இருக்கும். முதலாவது, இது உலகத்திலேயே மிகச் சிறந்த உதாரணம். பேப்பரில் வருவது சாதனை விலைகள் மட்டும்தான். எதிர்பார்த்த விலை வராமல் ஏல மேடையிலிருந்து அப்படியே தள்ளிக்கொண்டு போன கார்களைப் பற்றி யாரும் தலைப்பு போடுவதில்லை. அதே படத்தின் இன்னொரு டிபி5, 1997-இல் புளோரிடாவின் போகா ரடோனில் விமான நிலையக் கூடாரத்திலிருந்து திருடு போனது. அது என்ன வருமானம் கொடுத்தது என்று யாரும் சதவீதம் போட முடியாது.

இரண்டாவது, செலவு. ஈரப்பதம் கட்டுப்படுத்திய இடம், இன்சூரன்ஸ், ஓட்டாவிட்டாலும் மாற்ற வேண்டிய ரப்பர், எண்ணெய், டயர். அலுமினியத் தகட்டைக் கையால் தட்டத் தெரிந்த ஆட்கள் உலகத்தில் சொற்பம், அவர்கள் கேட்பதுதான் கூலி. விற்கும்போது ஏல நிறுவனம் வாங்குபவரிடமிருந்து பத்து சதவீதத்துக்குக் குறையாமல் தனியாக வாங்கிக்கொள்ளும். அந்தச் சாதனை விலைகளுக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது, விற்றவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. 1969-இல் 12,000 டாலரைக் கொடுத்தவருக்கு, பாண்ட் படங்கள் இன்னும் ஐம்பது ஆண்டு ஓடும் என்று எப்படித் தெரியும்? அன்று ஷான் கானரியே அந்தப் பாத்திரத்தை விட்டு விலகியிருந்தார். வாங்கியவர் ஆசைக்கு வாங்கினார். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது மட்டும்தான் அது முதலீடாகத் தெரிகிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பழைய கார்களைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டு, சில நூறு டாலருக்கே 'நீங்களும் ஒரு ஃபெராரியின் உரிமையாளர்' என்று விற்கும் ஆப்கள் வெளிநாடுகளில் வந்துவிட்டன. சம்பளம் வந்ததும் எதில் போடலாம் என்று போனைத் தடவும் இளைஞர்கள்தான் அவற்றின் இலக்கு. காரை ஓட்டவும் முடியாது, தொட்டுப் பார்க்கவும் முடியாது, எப்போது விற்பது என்பதும் பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. ஒரு ஜிடி காரில் இருக்கிற ஒரே உறுதியான லாபம் அதை ஓட்டுவதுதான், அதையும் கழித்துவிட்டு மீதியை விற்கிறார்கள்.

நிஜமாக வாங்குகிறவர்கள் பார்ப்பது வேறு. சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்துகிறதா, முதல் உரிமையாளரிலிருந்து இன்றுவரை காகிதம் தொடர்ச்சியாக இருக்கிறதா, ரீஸ்டோர் செய்தது யார், பழைய பார்ட்ஸ் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது. டிபி5-ஐக் கூரை வெட்டித் திறந்த காராக மாற்றிவிட்டு 'ஒரிஜினல்' என்று சொன்னால் பதிவேடு காட்டிக் கொடுத்துவிடும்.

கம்பெனிகள் என்ன ஆயின?

ஆஸ்டன் மார்ட்டின் தன் வரலாற்றில் பலமுறை திவாலின் விளிம்புக்குப் போய் வந்தது. 1972-இல் டேவிட் பிரவுன் கைகழுவினார். பிறகு பல கைகள் மாறி, ஃபோர்டு வாங்கி, 2007-இல் விற்றது. 2018 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 19 பவுண்டுக்கு வந்தது. அதன்பின் சரிந்த சரிவில், 2020-இல் கனடா கோடீஸ்வரர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையில் பணம் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. பிற்பாடு சவுதி அரசின் முதலீட்டு நிதியும் சீனாவின் ஜீலியும் உள்ளே வந்தன. டிபி5 வைத்திருந்தவர் சம்பாதித்தார், டிபி5 செய்த கம்பெனியின் பங்கை வைத்திருந்தவர் கையைச் சுட்டுக்கொண்டார்.

அந்தப் பழைய புகழையே ஆஸ்டன் காசாக்கியும் பார்த்தது. 2020-இல், நியூபோர்ட் பேக்னெலிலேயே 'கோல்ட்ஃபிங்கர்' டிபி5-ஐப் புதிதாக 25 எண்ணிக்கையில் செய்து, வரி நீங்கலாக 27 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு என்று விலை வைத்தது. சுழலும் நம்பர் பிளேட் உண்டு, புகை உண்டு, துப்பாக்கி மாதிரி விளக்கு மினுக்கும். ஆனால் பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை.

டொயோட்டாவின் கதை நேரெதிர். 2000ஜிடி-யில் அது லாபம் பார்த்ததாக யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கார் விற்ற காலத்தில் பக்கத்து வரிசையில் நின்ற கொரோலா, 2021-இல் ஐந்து கோடியைத் தாண்டியது. யமஹா உறவு நிலைத்தது. 2010-இல் வந்த லெக்ஸஸ் எல்எஃப்ஏ காரின் வி10 என்ஜினிலும் யமஹாவின் கை இருந்தது. 2020-இல் டொயோட்டா, 2000ஜிடி-யின் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் பாகங்களை மீண்டும் தயாரித்துத் தருவதாக அறிவித்தது. 351 காருக்காக ஒரு கம்பெனி ஐம்பது ஆண்டு கழித்துப் பல்சக்கரம் அறுக்கிறது. வியாபாரமாகப் பார்த்தால் அர்த்தமே இல்லை. ஆனால் அந்தப் பாகங்கள் கிடைப்பதால்தான் அந்தக் கார்கள் ஓடும், ஓடுவதால்தான் விலையும் நிற்கும்.

இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

முன்பு 1950-க்கு முந்தைய கார்களுக்குத்தான் அந்தச் சலுகை இருந்தது. 2025-இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தி, 50 ஆண்டுகள் கடந்த வாகனங்களை இறக்குமதி செய்ய வழிவிட்டது. டிபி5, 2000ஜிடி இரண்டும் அந்த வயதைத் தாண்டியாயிற்று. இரண்டும் இடதுபக்கம் ஓட்டும் நாடுகளில் பிறந்தவை என்பதால், ஸ்டீயரிங்கும் பெரும்பாலானவற்றில் நம் ஊர் போல வலதுபக்கமே இருக்கும். சுங்க வரியும் மற்றவையும் சேர்ந்தால் காரின் விலையைவிட வரி அதிகமாகும், அது தனிக் கதை.

வந்த பிறகு, 2021-இல் வந்த மத்திய விதிப்படி 'விஏ' எழுத்துகள் கொண்ட தனி நம்பர் பிளேட் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பழைய கார் பேரணி ஆகியவற்றுக்கு எடுத்துப் போகலாம். பெட்ரோல் பங்க்குக்கும் மெக்கானிக்கிடமும் போகலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போக அனுமதி கிடையாது.